வடகடலின் பாய்ச்சொற்கள்

பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாய் கட்டப்பட்டிருக்கும் குறுக்குமரம் பருமல். காற்றுக் கொண்ட பாயின் கீழ்மூலையைப் பிடித்து, இழுத்தும் நெகிழ்த்தும் ஆளுகிற கயிறு தாமான். கலத்தின் முன்முனை அணியம். அடியில் நெடுகக் கிடக்கும் மரம் ஏரா; அதிலிருந்து இருபுறமும் வளைந்தெழும் விலாமரங்கள் வங்குக்கால். பலகைகளின் இடுக்கில் பஞ்சையும் எண்ணெயையும் செலுத்தி நீர் புகாமல் அடைக்கும் வேலை கலப்பற்று. இவ்வளவையும் செய்து முடிக்கிறவர் ஓடாவி. ஓட்டிச் செல்கிறவர் தண்டையல்.

தொண்டைமானாற்றிலிருந்து கிழக்கே வல்வெட்டித்துறை வரை நடந்துபோகிற தூரந்தான். அந்தக் கரையில் ஒரு காலம் இச்சொற்கள் அடுக்களைச் சொற்கள்போலப் புழங்கின. இன்று அவற்றில் பாதியைப் பொருளோடு கேட்க வேண்டுமானால் வயது முதிர்ந்த ஒருவரைத் தேடிப்போக வேண்டும். பாய்க்கப்பல் போனதால் சொல்லும் போயிற்று என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. இந்தச் சொற்கள் எங்கெங்கிருந்து வந்து சேர்ந்தன, யார் அவற்றை எழுதிவைத்தார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்று பார்த்தால் யாழ்ப்பாணத்தின் கடல்வரலாற்றில் ஏடுகள் சொல்லாத ஒரு பகுதி தெரியவரும்.

தொண்டைமானாறு பெயரில்தான் ஆறு. உண்மையில் அது வடமராட்சியையும் வலிகாமத்தையும் பிரித்துக்கொண்டு உள்ளே நீளும் கடல்நீரேரியின் வாய். கரணவாய், வெள்ளப்பரவைப் பகுதிகளில் விளைந்த உப்பை ஏற்ற மரக்கலங்கள் உள்ளே வந்துபோவதற்காகத் தொண்டைமான் ஒருவன் இந்த வாயை வெட்டி அகலப்படுத்தினான் என்பது யாழ்ப்பாண வைபவமாலை வழியாக நம்மிடம் வந்துள்ள மரபு. அவன் கலிங்கம் வென்ற கருணாகரத் தொண்டைமானேதானா என்ற வழக்கை வரலாற்றாசிரியரிடம் விட்டுவிடலாம். ஊரின் பெயரே கலம் நுழைவதற்காகத் திறந்த ஒரு வழியைச் சொல்கிறது என்பது போதும். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே வாயில் உவர்நீர் உட்புகாமல் தடுக்கும் கதவணை கட்டப்பட்டது. குடாநாட்டின் கிணறுகளுக்கு நன்னீர் வேண்டியிருந்தது. அதற்கான நியாயம் பெரியது. கலம் நுழையத் திறந்த வாய் இன்று நீரைக் காக்கும் வாயிலாக இருக்கிறது.

இந்தக் கரைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரைக்குச் சற்று வெளியே முருகைக்கற்பார் நீண்டு கிடக்கிறது. பாரில் படகு நுழையக்கூடிய இடைவெளிக்கு இங்கே வான் என்று பெயர். வானைத் தெரிந்தவனே கரை சேருவான். வாடை முற்றி அடிக்கும் கார்த்திகை மார்கழியில் வடகரை முழுவதும் அலைக்கு நேரே நிற்கும்; பெரிய கலங்களுக்கு ஊர்காவற்துறைதான் புகலிடம். ஆனி, ஆடியில் சோழகம் தரையைக் கடந்து வருவதால் அதே கடல் அடங்கிக் கிடக்கும். வாடை, சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான்: நான்கு பெயர்களும் இங்கே திசைப்பெயர்கள் மட்டுமல்ல. சோழகத்தில் பாய் விரித்தால் நாகபட்டினப் பக்கம் ஓடலாம். வாடையின் வேகம் தணிந்த பிறகு அங்கிருந்து இறங்கி வரலாம். எப்போது புறப்படுவது, எங்கே ஒதுங்குவது, எந்த மாதம் கலத்தைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பது என்பதெல்லாம் அந்த நான்கு பெயர்களுக்குள் அடங்கியிருந்தன. எண்ணெய் இயந்திரம் வந்த பின்னும் இந்த நான்கும் சாகவில்லை. காற்று இன்னும் மீனவனைக் கரையில் நிறுத்திவைக்கும் வலிமையோடு இருப்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

சொற்களின் வயதைப் பார்க்கப் போனால் அடித்தட்டில் சங்கத் தமிழ் இருக்கிறது. பாய்க்கு இதை, பாய்மரத்துக்குக் கூம்பு, கலங்களுக்கு நாவாய், வங்கம், அம்பி, திமில், பஃறி, ஓட்டுபவனுக்கு மீகான், நீகான். காற்றின் தொழிலை ஆண்ட முன்னோனின் வழிவந்தவன் என்று கரிகாலனைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்புலவர். ஈழத்தில் இந்த அடுக்கின் நீட்சி இரண்டு இடங்களில் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஒன்று, முதலாம் பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்துறைக்கு, வரும் கலங்கள் உடைந்தால் சரக்கை எப்படிப் பங்கிடுவது என்று வகுக்கிறது: யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலமானால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு, மற்றச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன் ஒருவன் துறைமுகச் சட்டத்தைத் தமிழில் வெட்டிவைத்தான் என்றால், அந்தத் துறையில் பேசப்பட்ட மொழி எது என்று வேறு சான்று தேட வேண்டியதில்லை. மற்றொன்று, ஈழத்துக் கண்ணகி வழக்குரையில் வரும் கடலோட்டு காதை. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பலோட்டி வந்து வெடியரசனோடு போர் செய்கிறவனுக்கு அங்கே மீகாமன் என்றே பெயர். தொழிற்பெயர் ஆளின் பெயராகி, ஊர்க்கதையில் வீரனாக நிற்கிறது.

அடுத்த தட்டு அரபிக்கடலும் பாரசீக வளைகுடாவும் தந்தது. சுக்கான் அரபுச் சொல். மாலுமி என்பதும் அரபு வழியாக, வழிகாட்டும் ஆசான் என்ற பொருளிலிருந்து வந்தது. நங்கூரத்துக்கும் சாரங்குக்கும் பாரசீகம் மூலம். நாம் தொடக்கத்தில் பார்த்த தாமானும் அப்படித்தான். ஆடையின் ஓரத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல் பாயின் ஓரக் கயிற்றுக்கு ஆயிற்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மரக்காயர்கள் நடத்திய கடல்வாணிகம், ஒரே கப்பலில் பல மொழிக்காரர் சேர்ந்து வேலைசெய்த வாழ்க்கை, இவற்றின் வழியே இச்சொற்கள் தமிழில் ஊறின. அதற்கு மேலே போர்த்துக்கேயத் தட்டு. யாழ்ப்பாணம் 1619 முதல் 1658 வரைதான் போர்த்துக்கேயர் கையில் இருந்தது. ஆனால் அவர்கள் கப்பற்சொற்கள் இந்துமாக்கடல் முழுவதும் அதற்கு முன்பே பரவிவிட்டன. கப்பித்தான் அப்படி வந்தவர். இன்றும் இந்தியத் துறைமுகங்களில் பாரம் இறக்கும் கலாசிகள் கூவுகிற அரியா, பாயை இறக்கு என்ற போர்த்துக்கேயக் கட்டளையின் எச்சம்.

இந்தக் கலப்பு மொழியை முதலில் ஒழுங்காகத் தொகுத்தவர் தாமஸ் ரோபக் என்ற பிரித்தானியப் படையதிகாரி. 1811இல் கல்கத்தாவிலிருந்து அவருடைய ஆங்கில–இந்துஸ்தானிக் கப்பல் அகராதி வெளிவந்தது. ஆங்கிலக் கப்பல்களில் கூலிக்குச் சேர்ந்த இந்திய மாலுமிகளுக்கு லஸ்கர் என்று பெயர்; அவர்களிடம் வேலைவாங்க வெள்ளை அதிகாரிகளுக்கு ஒரு நூல் தேவைப்பட்டது. 1882இல் ஜார்ஜ் ஸ்மால் அதைத் திருத்தி லஸ்கரி அகராதி என்ற பெயரில் லண்டனில் வெளியிட்டார். அமிதவ் கோஷ் தம் நாவலுக்கு அந்த நூலை எவ்வளவு ஆழமாகப் பயன்படுத்தினார் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆதிக்கத்துக்காகச் செய்த நூல்தான். ஆனாலும் அதில் ஒரு சிறப்பு உண்டு: பொருட்பெயர்களோடு அது நிற்கவில்லை, கட்டளைகளையும் தொகுத்தது. இந்தக் கயிற்றை நெகிழ்த்து, அந்தப் பாயைச் சுருட்டு, சுக்கானைக் காற்றுப்பக்கம் திருப்பு என்று கப்பலில் வாய்க்கு வாய் போன பேச்சு முழுவதும் அச்சில் ஏறியது. தமிழில் அப்படி ஒன்று நடக்கவில்லை.

நடந்திருக்க வேண்டிய ஊர் யாழ்ப்பாணம். 19ஆம் நூற்றாண்டில் தமிழ் அகராதித் தொழில் இங்கேதான் சூடுபிடித்தது. மானிப்பாயில் 1842இல் யாழ்ப்பாண அகராதி வந்தது. ஜோசப் நைற் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய தொகுப்பு பல கைமாறி, 1862இல் வின்சுலோவின் பேரகராதியாகச் சென்னையில் அச்சேறியது. தொண்டைமானாற்றுக்குப் பக்கத்து ஊரான உடுப்பிட்டியைச் சேர்ந்த கு. கதிரவேற்பிள்ளை வாழ்நாள் முழுவதும் தொகுத்த சொல்லகராதியை, அவர் மறைந்த பின் மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது. பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் 1924 தொடங்கி 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இவை எல்லாவற்றையும் உள்வாங்கியது. அணியம், ஏரா, ஆஞ்சான், பருமல் எல்லாம் இந்த மரபில் பதிவாகியுள்ளன. அதற்காக அந்தப் பெரியவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் பதிவான முறையில் ஒரு குறை இருக்கிறது. அகரவரிசை கப்பலைக் கழற்றிப் போட்டுவிட்டது. ஆஞ்சான் ஆகாரத்தில், தாமான் தகரத்தில், பருமல் பகரத்தில். ஒரு கயிறு, கப்பலுறுப்பு, கப்பற்பாயிலொன்று என்ற அளவில் விளக்கம் முடிந்துவிடுகிறது. ஒரு மீன், ஒரு மரம் என்று நம் பழைய அகராதிகள் எழுதிச் செல்லும் வழக்கம்தான் இதுவும். எந்தக் கயிறு, எங்கே கட்டுவது, எந்தக் காற்றுக்கு இழுப்பது என்று கேட்டால் பதில் இல்லை. தொகுத்தவர்கள் இலக்கியத்தையும் வேதாகமத்தையும் சட்டத்தையும் மனத்தில் வைத்துத் தொகுத்தார்கள். கடலோடிகளின் வீட்டுப்பேச்சு பண்டிதர் மேசைக்குத் தானாக ஏறிவராது. யாராவது துறைக்கு இறங்கிப் போயிருக்க வேண்டும்.

இறங்கிப் போனவர் ஒருவர் உண்டு, அவர் அகராதிக்காரர் அல்லர். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னல் இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920இல் எழுதிய ஆய்வு, தமிழ்க் கரைகளின் கட்டுமரத்தையும் தோணியையும் கட்டும் முறையோடும் உள்ளூர்ப் பெயரோடும் விவரிக்கிறது. அணியத்தில் கலத்துக்குக் கண் வரையும் வழக்கத்தையும் அவர் கவனித்து எழுதினார். தமிழில் நம்மிடமிருப்பது கப்பல் சாத்திரம். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் அதை அச்சிட்டது. ஏராவுக்கு ஆகும் மரம், அதன் அளவு, குற்றம் குணம், நாள் நட்சத்திரம் என்று ஓடாவியின் அறிவைச் செய்யுளில் கட்டிய நூல் அது. கப்பலைக் கட்டுகிறவனுக்கு நூல் கிடைத்தது. ஓட்டுகிறவனின் சொல் வாயோடு நின்றது. இந்த வேறுபாட்டை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

இப்போது கடலே இல்லாத ஒரு நாட்டைப் பார்க்கலாம். செக் நாட்டுக்கு நான்கு பக்கமும் தரை. அப்படியிருந்தும் 1959இல் பிராக் நகரில் செக்கோஸ்லோவாக்கியக் கடற்கப்பல் நிறுவனம் தொடங்கப்பட்டது. ரிச்சர்ட் கொங்கோல்ஸ்கி என்ற செக் நாட்டவர் தாமே கட்டிய நிக்கே என்ற சிறு பாய்ப்படகில் 1972 முதல் 1975 வரை தனியாக உலகைச் சுற்றி வந்தார். அத்திரியாட்டிக் கடலுக்குப் பாய்ப்படகு ஓட்டப்போகும் செக் மக்களுக்காக ஆங்கில–செக் சொற்பட்டியல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒவ்வொரு முடிச்சுக்கும், காற்று எந்தப் பக்கம் வந்தால் படகின் ஓட்டத்துக்கு என்ன பெயர் என்பதற்கும் அவற்றில் இடமுண்டு. அப்படிப்பட்ட பட்டியல் ஒன்றில் இரு மொழிக்கும் பொதுவாக ஒரு சொல் நிற்கும்: கட்டமரான். அது நம்முடைய கட்டுமரம். சோழமண்டலக் கரையில் அதைக் கண்ட வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயணநூலில் எழுத, ஆங்கிலத்தில் ஏறியது. 1876இல் அமெரிக்காவில் நாதனியல் ஹெரஷாஃப் இரட்டை உடல்கொண்ட பாய்ப்படகு ஒன்றைக் கட்டிப் பந்தயத்தில் வென்ற பிறகு, கட்டமரான் என்றாலே இரட்டைப் படகு என்று உலகம் பொருள்கொண்டது. மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரத்துக்கும் அதற்கும் உறவு பெயரளவில்தான். நம் சொல் கடலில்லாத நாட்டின் பட்டியல் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் ஆஞ்சானுக்கும் தாமானுக்கும் அப்படியொரு பட்டியல் நம்மிடம் இல்லை என்பது எனக்குத் துயரமாக இருக்கிறது.

பட்டியல் இல்லாமலே இந்தச் சொற்கள் எவ்வளவு தூரம் போயின என்பதற்கு வல்வெட்டித்துறையின் அன்னபூரணி சாட்சி. கடலோடிகளும் கப்பலுடைமையாளர்களும் நிறைந்த ஊர் அது. ஊரின் சிவன் கோயிலையே கப்பல் முதலாளி வெங்கடாசலம்பிள்ளை கட்டியதாக வரலாறு. இங்கிருந்து கலங்கள் நாகபட்டினத்துக்கும் காக்கிநாடாவுக்கும் ரங்கூனுக்கும் போயின. அரிசியும் தேக்கும் ஓடும் கொண்டுவந்தன. அந்த ஊரில் 1930இல் வேப்பமரத்தில் கட்டப்பட்ட அன்னபூரணி 89 அடி நீளம். சிறு படகில் உலகைச் சுற்றிப் பெயர்பெற்ற அமெரிக்கர் வில்லியம் றொபின்சன் அதை வாங்கினார். தம் மனைவியின் பெயரால் புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றினார். 1937இல் வல்வை என்று சுருக்கிச் சொல்லும் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்ட கப்பல் ஏடன், சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலைக் கடந்து, அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளொஸ்டர் துறையை அடைந்தது. கப்பலில் வல்வைக் கடலோடிகள் ஐவர் இருந்தார்கள். பொஸ்டன் செய்தித்தாள்கள் அவர்களைப் பற்றி எழுதின.

இந்தப் பயணத்தை வீரக்கதையாகச் சொல்வதில் நாம் குறைவைக்கவில்லை. நான் அதை மொழியின் பக்கமிருந்து பார்க்க விரும்புகிறேன். குளொஸ்டர் அமெரிக்கப் பாய்க்கப்பல் மீன்பிடியின் தலையூர். பாய்மரக் கயிறுகளைப் பற்றி அந்தத் துறையில் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட துறைக்குள், ஆஞ்சான் என்றும் தாமான் என்றும் பேசிப் பழகிய கைகள் ஒரு கப்பலைக் கொண்டுபோய்க் கட்டின. இங்கிலாந்துக்காரனும் அமெரிக்கனும் வேறு பெயரில் அழைத்த அதே கயிறுகளை, அத்திலாந்திக்கின் காற்றில், அதே நேரத்தில் இழுத்தார்கள். நம் சொற்றொகுதி ஒரு முழுமையான தொழிலறிவு என்பதற்கு இதைவிடச் சோதனை தேவையில்லை. அந்தப் பயணத்தில் என்ன சொல்லிப் பாய் ஏற்றினார்கள், எந்தச் சொல்லை மாற்றிக்கொண்டார்கள் என்று கேட்டு எழுத அவர்கள் திரும்பி வந்த பின் நல்ல காலம் இருந்தது.

அதன் பிறகு எல்லாம் விரைவில் நடந்தது. இரண்டாம் உலகப்போர் ரங்கூன் வாணிகத்தை முடித்தது. இரு நாடுகளும் விடுதலை பெற்று, பாக்குநீரிணையில் எல்லையும் கடவுச்சீட்டும் சுங்கமும் வந்ததும் முன்பு வாணிகமாக இருந்தது கள்ளக்கடத்தலாயிற்று. 1950களின் பிற்பகுதியில் அரசு மீன்பிடிக்கு இயந்திரப்படகு தரத் தொடங்கியது. பின் கண்ணாடியிழைப் படகும் வெளிப்பொருத்து இயந்திரமும் வந்தன. 1964 டிசம்பர்ப் புயல் வடகரையைச் சூறையாடியது. போர்க்காலத்தில் கடலுக்குத் தடையும் தூரக்கட்டுப்பாடும் விழுந்தன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். தொண்டைமானாற்றுக்கு மேற்கே பெரும் மீன்பிடித் துறையாக இருந்த மயிலிட்டி 27 ஆண்டுகள் கழித்து, 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. கடற்கரையூர்ப் பிள்ளைகள் கடலைப் பார்க்காமல் வளர்ந்த காலம் அது. தகப்பன் பாய் ஏற்றும்போது கூடநின்று கற்க வேண்டிய சொல், முகாமிலும் புலம்பெயர் நாட்டிலும் எப்படிக் கைமாறும்?

எல்லாச் சொற்களும் ஒரேயளவில் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அணியமும் நங்கூரமும் இயந்திரப்படகிலும் இருப்பதால் நிற்கின்றன. களப்பில் மரக்கோல் தாங்குகிறார்கள், சவள் வலிக்கிறார்கள். அந்தச் சொற்களுக்கு ஆபத்தில்லை. காற்றுப் பெயர்கள் நிற்பதைச் சொன்னேன். விழுந்தவை பாயைச் சார்ந்தவை, அதிலும் கயிற்றுச் சொற்கள். கை செய்யாத வேலையை வாய் நெடுநாள் வைத்திருப்பதில்லை. காற்றைக் கயிற்றால் ஆளும் கலை இந்தக் கரையில் இன்னும் உயிரோடிருக்கும் ஓரிடம் பட்டம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டியில், கப்பல் வடிவப் பட்டங்கள்கூட வாடையில் ஏறுகின்றன. முச்சை கட்டும் இளைஞனுக்கு எந்தக் கயிறு எவ்வளவு நெகிழ வேண்டும், காற்று எங்கே தாங்க வேண்டும் என்று கைக்குத் தெரிகிறது. பட்டத்தில் கட்டிய விண் கூவும் ஒலியிலிருந்து காற்றின் வேகத்தைச் சொல்லிவிடுவான். கடலோடிகளின் ஊரில் இந்தக் கலை இவ்வளவு வளர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சொற்களைத் தொகுக்கும் வேலை என்றாவது தொடங்குமானால் முதல் இடறல் தூய்மைவாதமாக இருக்கும். கலைச்சொல்லாக்கத்தில் நமக்கு நல்ல மரபு உண்டு. 1930களில் விபுலானந்த அடிகள் தலைமை தாங்கிய முயற்சியும் இலங்கை அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும் அறிவியலைத் தமிழில் கற்பிக்க வழிசெய்தன. அந்த முறை வேதியியலுக்குப் பொருந்தும். அங்கே சொல் இல்லாமலிருந்தது, ஆக்கினார்கள். கப்பலுக்கு அது பொருந்தாது. இங்கே சொல் ஏற்கெனவே இருக்கிறது. தாமான் பாரசீகம், கலப்பற்று அரபு என்று தள்ளிவிட்டு, சங்க நூலிலிருந்து இதையையும் கூம்பையும் எடுத்துவந்து ஒட்டினால் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் ரங்கூனுக்கு ஓடிய எந்தத் தண்டையலும் அப்படிப் பேசியிருக்கமாட்டார். அவர் வாயில் ஆஞ்சானும் சுக்கானும் தாமானும் பக்கம் பக்கமாக இருந்தன. அந்தச் சேர்க்கைதான் அவருடைய தமிழ். ஆயிரம் ஆண்டு கடல்வாணிகம் அதில் படிந்திருக்கிறது. ஒரு தட்டை உரித்தெடுத்தால் கூடவே வரலாறும் உரிந்துவரும்.

இரண்டாவது இடறல் அகரவரிசை. தொகுப்பைக் கப்பலின் வரிசையில் செய்ய வேண்டும்: ஏராவிலிருந்து தொடங்கிப் பாய்மர உச்சி வரை, பிறகு பாய்கள், பாய்களைப் பிடிக்கும் கயிறுகள், அதன் பிறகு வேலைகள். எந்தக் காற்றில் எந்தக் கயிறு இறுகும், யார் கூவுவார், யார் மறுமொழி சொல்வார் என்பதுவரை பதிவாக வேண்டும். ரோபக் கட்டளைகளைத் தொகுத்ததுபோல வினைகளைத் தொகுக்க வேண்டும். நம் அகராதிகளில் பெயர்ச்சொல் கொஞ்சமாவது உண்டு, வினை அநேகமாக இல்லை. நட்சத்திரங்களையும் விட்டுவிடக்கூடாது. ஆறாம்மீன், விடிவெள்ளி, விடிவெள்ளியென்று நம்பிப் புறப்பட்ட வணிகனைக் கெடுத்த செட்டியைக் கொன்ற வெள்ளி என்று ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு நேரக்கணக்கு இருக்கிறது.

இதற்கு வேண்டிய மனிதரும் கருவியும் இங்கேயே உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்துவதோடு வாய்மொழி வரலாறுகளையும் ஒலி, ஒளி வடிவில் சேர்க்கிறது. தொண்டைமானாற்றில் வெளிக்கள நிலையம் இருக்கிறது. வடமாகாணத்து உயர்தர மாணவர்களுக்கு அதன் பெயர் தெரியாமலிருக்காது. கடலுயிரியலும் புவியியலும் கற்கிற பிள்ளைகள் கடற்கரையில் நின்று ஒரு முதியவரிடம் கேள்வி கேட்க நீண்ட பயிற்சி வேண்டியதில்லை. கயிற்றுத் துண்டொன்றைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்க வேண்டும். முடிச்சைப் போட்டுக் காட்டும்போது அதன் பெயரும் வரும். வெறுங்கையோடு கேட்டால் மறந்துபோச்சு தம்பி என்பார். பருமலில் பாயை எப்படிக் கட்டுவது, தாமானை எங்கே சுற்றுவது, சோழகம் திடீரென்று கச்சானாக மாறினால் முதலில் எந்தக் கயிற்றுக்கு ஓடுவது என்று வரிசையாகக் கேட்டு, கையையும் குரலையும் ஒருங்கே பதிவுசெய்ய வேண்டும். பாய்க்கப்பலில் கடைசியாகப் போனவர்கள் இன்று எண்பதையும் தொண்ணூறையும் தாண்டியவர்கள்.